தாய்முகம் அறியாத தோட்டக்காரர்

நம் நாட்டில் சிறு பிள்ளை உள்ள வீடுகளில் தாடிக்கா என்ற சொல் காதில் விழாத நாள் இருக்காது. தாமான் டிடிக்கான் கானாக்-கானாக் என்னும் மலாய்த் தொடரின் சுருக்கம் அது. கெமாஸ் நடத்தும் தாபிக்காவிலும் முதலில் நிற்பது தாமான்தான். கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் தாஸ்காவிலும் அதே தாமான்தான். அண்டை நாடான இந்தோனேசியாவில் தாமான் கானாக்-கானாக் என்றே சொல்கிறார்கள். தாமான் என்றால் தோட்டம், பூங்கா. (நமக்குத் தாமான் என்றதும் வீடமைப்புப் பகுதிதான் நினைவுக்கு வரும். அது வேறு கதை.) பிள்ளைகளை அனுப்பி வைக்கும் இடத்திற்கு ஏன் தோட்டம் என்று பெயர்? தமிழில் நாம் பாலர் பள்ளி என்கிறோம். அதில் பள்ளி இருக்கிறது, தோட்டத்தைக் காணோம்.

இந்தத் தோட்டத்தை முதலில் போட்டவர் ஒரு ஜெர்மானியர். ஃபிரெட்ரிக் ஃபுரோபெல் என்பது அவர் பெயர். கிண்டர்கார்ட்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்னும் சொல்லை 1840-ஆம் ஆண்டில் உலகுக்குக் கொடுத்தவர் அவரே. கல்வியியல் படிக்கும் நண்பர்களுக்கு அவர் புதியவர் அல்லர். விரிவுரைக் குறிப்புகளில் பெஸ்டலோசிக்கும் மொண்டிசோரிக்கும் நடுவில் இரண்டு வரிகளில் வந்து போவார். தேர்வுக்கு அந்த இரண்டு வரி போதும். ஆனால், பாலர் கல்வி பயிலும் எனக்கு அந்த இரண்டு வரிக்கு வெளியே உள்ள ஃபுரோபெல்தான் பெரியவராகத் தெரிகிறார். பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வரும் முதல் இடத்தை உருவாக்கிய இந்த மனிதர், தம் முதுமையின் நல்ல பகுதியைத் தாய்மார்களோடு பேசுவதிலேயே கழித்தார். பிள்ளை அந்த வாசலுக்கு வருமுன் தாயின் மடியில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிய அவருடைய பிள்ளைப் பருவத்திற்குப் போக வேண்டும்.

ஃபுரோபெல் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், துரிங்கியா மலைக்காட்டுப் பகுதியில் உள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் போதகர். குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தாய் இறந்துபோனார். தந்தைக்கோ சுற்று வட்டாரத்துச் சிற்றூர்களையெல்லாம் கவனிக்க வேண்டிய பொறுப்பு. வேலைக்காரர்கள் கையிலும் அண்ணன்மார் கையிலுமாகக் குழந்தை வளர்ந்தது.

மூன்று வயதில் வீட்டிற்குச் சிற்றன்னை வந்தார். தொடக்கத்தில் அவர் அன்பாகவே இருந்தார். தாயன்புக்கு ஏங்கிக் கிடந்த பிள்ளையும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. பின்னர் அவருக்கென்று ஒரு மகன் பிறந்தான். எல்லாம் மாறியது. அந்த மாற்றத்தை ஃபுரோபெல், தமது நாற்பத்தைந்தாம் வயதில் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றில் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு காட்டுகிறார். ஜெர்மன் மொழியிலும் நமது நீ என்பதைப்போல நெருக்கமானவர்களை அழைக்கும் சொல் உண்டு. சிற்றன்னை அந்தச் சொல்லை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக, அவன் என்று படர்க்கையில் பேசத் தொடங்கினார். கீழ்நிலையில் உள்ளவர்களிடம் அப்படிப் பேசுவது அக்கால வழக்கம். எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்த்து, அவன் சாப்பிட்டானா, அவன் ஏன் இங்கே நிற்கிறான் என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்த மூவிடங்களில் இவ்வளவு வலி ஒளிந்திருக்கக்கூடும் என்று எந்த இலக்கண நூலும் நமக்குச் சொல்லவில்லை.

வீடு தேவாலயத்தை ஒட்டியிருந்தது. சுற்றிலும் மதில், வேலி, பிற கட்டடங்கள். வெளியே போக அனுமதி கிடையாது. தலைக்கு மேலே தெரிந்த வானமும், தந்தையோடு சேர்ந்து வேலை செய்த வீட்டுத் தோட்டமும்தான் பிள்ளைக்குக் கிடைத்த உலகம். எழுதப் படிக்கத் தந்தையே கற்றுக்கொடுக்க முயன்றார், எளிதில் வரவில்லை. மகன் மந்தம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பள்ளி வயது வந்ததும் ஊர்ச் சிறுவர் பள்ளியை விட்டுவிட்டுச் சிறுமியர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்த முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் தேவாலயத்தில் வாசித்த மறைமொழி ஒன்றைச் சிறுமியர் கூடிச் சொல்லிக்கொண்டிருந்தனர். அமைதியான, சற்றே இழுத்துப் பாடுவது போன்ற அந்தக் குரல்கள் ஃபுரோபெலின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டன. சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஒவ்வொரு சொல்லும் அதன் ஓசையும் தமக்கு நினைவிருப்பதாக எழுதியிருக்கிறார். முதல் நாளில் ஆசிரியர் என்ன கற்பித்தார் என்பது பிள்ளைக்கு நினைவிருப்பதில்லை. அந்த அறையின் குரல் நினைவிருக்கிறது.

பத்தாம் வயதில் அவரை மீட்டவர் தாய்மாமன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தும் நமக்கு இந்த இடத்தில் ஓர் உறவுக்காரரைப் பார்த்த மகிழ்ச்சி உண்டாகும். ஹோஃப்மான் என்ற அந்த மாமாவும் ஒரு சமயத் தலைவர்தான். மனைவியையும் மகனையும் பறிகொடுத்துத் தனியாக வாழ்ந்தவர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது பிள்ளையின் முகத்தைப் பார்த்தே நிலைமையை உணர்ந்துகொண்டார். ஊர் திரும்பியதும் தந்தைக்குக் கடிதம் எழுதி, பிள்ளையைத் தம்மிடம் அனுப்பிவிடும்படி கேட்டார். 1792-இல் ஃபுரோபெல் ஸ்டாட்டில்ம் நகருக்கு வந்தார். மாமா வீட்டில் விதி ஒன்றுதான்: எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம், சொன்ன நேரத்திற்கு வீடு திரும்பிவிட வேண்டும். பூட்டிக் கிடந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனாலும், புதிய பள்ளியில் தொடக்க நாள்கள் இனிக்கவில்லை. நாற்பது சிறுவர்கள் ஓடியாடும் திடலில் அவர்களோடு ஈடுகொடுக்க அவருக்கு உடல் வலுவும் இல்லை, சுறுசுறுப்பும் இல்லை. பத்து வயதுவரை ஓடாத கால்கள் அல்லவா? ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நம்மில் பலருக்கும் முதல் வாரத்துத் திடல் எப்படிப்பட்டது என்று தெரியும். நமக்கு மொழி தடுத்தது. அவருக்குக் கால்கள் தடுத்தன.

மாமா வீட்டில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளை ஃபுரோபெல் ஒரு வேலையிலும் நிலைக்காமல் கழித்தார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஆண்டு வனக்காவலரிடம் தொழில் பழகினார். 1799-இல் ஜெனா பல்கலைக்கழகத்திற்குப் போனார். அங்கே கடன்பட்டு, பல்கலைக்கழகச் சிறையில் ஒன்பது வாரம் அடைபட்டார். (அக்காலப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்தச் சிறை இருந்தது. கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தும் நம் முன்னாள் மாணவர்கள் ஆறுதல் அடைக!) தமக்குச் சேர வேண்டிய சொத்துரிமையை விட்டுக்கொடுத்த பிறகே தந்தை பணம் கட்டி மீட்டார். பின்னர், கட்டடக் கலை பயில 1805-இல் பிராங்பர்ட் போனவரை ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, நீர் ஆசிரியராக வேண்டியவர் என்று திசை திருப்பினார். முதல் வகுப்பில் நின்றபோதே நீரில் விட்ட மீனைப்போல ஃபுரோபெல் உணர்ந்தார். சுவிட்சர்லாந்தின் இவர்டன் நகரில் பெஸ்டலோசி நடத்திய புகழ்பெற்ற பள்ளிக்குச் சென்று, 1808 முதல் 1810 வரை அங்கேயே தங்கினார். பிறகு பெர்லினில் படிகக்கற்களைப் பற்றிய படிப்பு. நெப்போலியனுக்கு எதிரான போரில் 1813-இல் தொண்டர் படையில் சேர்வு. போர் முடிந்ததும் பெர்லின் கனிமக் காட்சியகத்தில் துணைப் பொறுப்பு. அந்தப் படையில்தான் லாங்கெதால், மிடன்டோர்ஃப் என்னும் இருவர் அவருக்கு நண்பர்களாயினர். மிடன்டோர்ஃப் கடைசிவரை உடன் நின்றார்.

1816-இல் காட்சியக வேலையை உதறிவிட்டு ஃபுரோபெல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அண்ணன் கிறிஸ்டோஃப் 1813-இல், போரில் நோயுற்ற வீரர்களைக் கவனிக்கப் போய், அதே காய்ச்சலில் இறந்திருந்தார். தந்தையை இழந்த அந்தப் பிள்ளைகளும் இன்னோர் அண்ணனின் பிள்ளைகளுமாக ஐவரோடு பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு அது கைல்ஹாவ் என்னும் பள்ளத்தாக்கு ஊருக்கு மாறியது. வசதியான பெர்லின் குடும்பத்துப் பெண்ணான ஹென்றியெட்டா 1818-இல் அவரை மணந்து, அந்த ஏழ்மையில் வந்து சேர்ந்தார். இவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது குறைகளைத் தவிர்த்துவிடுவது நம் ஆண்டு மலர்களின் வழக்கம். ஃபுரோபெல் பழகுவதற்கு எளிய மனிதர் அல்லர். தாம் நினைத்ததே நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. பணக் கணக்கு ஒருநாளும் அவருக்கு வசப்பட்டதில்லை. அண்ணன் பிள்ளைகளுக்குத் தந்தையாக இருப்பேன் என்று உறுதி தந்து பள்ளி தொடங்கியவரிடமிருந்து, அதே பிள்ளைகள் வளர்ந்தபின் மனக்கசப்போடு விலகிப் போனார்கள். சித்தப்பாவுக்கும் அவர்களில் ஒருவருக்கும் இடையே ஏற்பட்ட தொடர்பு ஒன்று பின்னால் வரும். அது கிண்டர்கார்ட்டனையே சாய்த்துவிடும் அளவுக்குப் போனது. 1820-களின் நடுவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டிருந்த கைல்ஹாவ் பள்ளி, அரசாங்கத்தின் ஐயப் பார்வையாலும் கடனாலும் 1829-இல் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு இறங்கியது. 1826-இல் அவர் வெளியிட்ட மனிதக் கல்வி என்னும் பெரிய நூலும் சிலரால்தான் படிக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால், அவருடைய உரைநடை முள்வேலி. உருண்டை என்றால் முழுமை, முழுமை என்றால் இறைமை என்று போய்க்கொண்டே இருக்கும். மொழிபெயர்ப்பில் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது.

மறுபடியும் சுவிட்சர்லாந்து. 1835-இல் பர்க்டார்ஃப் நகர அனாதை விடுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்தவர், ஐம்பத்து மூன்றாம் வயதில் தாயில்லாப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றார். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை அன்றாடம் பார்த்தபோது அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. இத்தனை ஆண்டுகளாகத் தாம் தவறான முனையிலிருந்து தொடங்கியிருக்கிறோம். பள்ளிக்கு வந்து சேரும்போதே பிள்ளையின் வளர்ச்சியில் பாதி நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பாதி தாயின் கையில் இருக்கிறது. தாய்க்கு உதவத்தான் யாரும் இல்லை.

மனைவியின் உடல்நலம் கெட்டதால் 1836-இல் ஜெர்மனி திரும்பினார். மறு ஆண்டு, கைல்ஹாவுக்கு அருகில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு விளையாட்டுப் பொருள் செய்யத் தொடங்கினார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பரிசுகள். முதல் பரிசு, கம்பளி நூலால் பின்னிய ஆறு மென்பந்துகள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு, ஊதா. ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. இரண்டாம் பரிசில் மரத்தாலான உருண்டையும் கனசதுரமும். நீள்உருளை பிறகு சேர்ந்தது. மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். இப்படியே தொடரும். 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் ஓர் அமெரிக்கத் தாய் இந்தக் கட்டைகளைப் பார்த்து வாங்கித் தம் மகனுக்குக் கொடுத்தார். அந்த மகன்தான் பிற்காலத்தில் பெரும் கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற ஃபிராங்க் லாய்ட் ரைட். கல்வியியல் நூல்கள் இந்தக் கட்டைகளைப் பற்றி நிறையப் பேசுகின்றன.

என்னைக் கட்டிப்போட்டது கயிறு கட்டிய அந்தப் பந்துதான். குழந்தை பந்தைப் பிடித்திருக்கிறது. தாய் கயிற்றை மெல்ல இழுக்கிறாள். பந்து கையைவிட்டு நழுவுகிறது. சற்றுத் தள்ளி ஆடுகிறது. திரும்பவும் கைக்கு வருகிறது. பிறகு தாய் அதை மறைக்கிறாள்; மறைந்தது மீண்டும் தோன்றுகிறது. பேசத் தெரியாத குழந்தை இதிலிருந்து மூன்று காலத்தையும் கற்கிறது என்கிறார் ஃபுரோபெல்: இருந்தது, இப்போது இல்லை, மறுபடி வரும். சேர்தல், பிரிதல், மீண்டும் சேர்தல். ஒன்பது மாதத்தில் தாயை இழந்த ஒருவர், ஏறக்குறைய அந்த வயதுக் குழந்தையின் கையில் முதன்முதலாகக் கொடுக்க நினைத்த பாடம் இது! அவர் வாழ்க்கையில் இரண்டாவது பகுதியோடு நின்றுபோன விளையாட்டு.

1844-இல் அவர் வெளியிட்ட தாய்ப்பாட்டு, கொஞ்சுபாட்டு நூலும் இதே இழையில் பின்னப்பட்டதுதான். கிராமத்துத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு ஆடும் ஆட்டங்களைக் கவனித்துத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் தாய்க்கு ஒரு குறிப்பு, குழந்தைக்கு ஒரு பாட்டு, ஒரு படம், பின்னால் விளக்கம் என அமைத்தார். உங்கர் என்பவர் படம் வரைந்தார். கோல் என்பவர் இசை அமைத்தார். ஓர் ஆட்டத்தில் தாய் குழந்தையை மெத்தைமேல் மெல்லச் சாய்ந்து விழவிடுகிறாள். விழுந்தாலும் கை அருகில்தான் இருக்கிறது என்று குழந்தை அறிகிறது. இன்னொன்று கண்ணாமூச்சி. ஒளிவதில் இன்பமில்லை, கண்டுபிடிக்கப்படுவதில்தான் இன்பம் என்பதை அவர் விடாமல் வலியுறுத்துகிறார். மற்றொன்று புறாக்கூண்டு. மூடிய விரல்கள் திறக்கின்றன. புறாக்கள் வயலுக்குப் பறந்து போகின்றன. மாலையில் திரும்பி வந்ததும் விரல்கள் மூடுகின்றன. வெளியே போய்வந்த பிள்ளை தான் பார்த்ததையெல்லாம் தாயிடம் சொல்லும் நேரத்தை இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு விரல் சோறு ஊட்டி, கைநெடுக நண்டு ஊர்ந்து போகும் நம் வீட்டு ஆட்டத்தை அவர் பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

எல்லாத் தாய்க்கும் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி எழுவது நியாயமே. நம் தாத்தா பாட்டிகளுக்குத் தோட்டம் என்றால் ரப்பர்த் தோட்டம். விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவப் போனவர்கள் அவர்கள். மடியில் வைத்து ஆடும் ஓய்வு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? ஃபுரோபெலின் நூலில் தந்தைக்கு அதிக வேலை இல்லை என்பதும் ஒரு குறைதான். ஆனால், அவர் இந்த ஆட்டங்களைச் செல்வர் வீடுகளிலிருந்து எடுக்கவில்லை. வயல் வேலைக்குப் போன பெண்களிடமிருந்தே எடுத்தார். குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நடப்பவை அவை. தனி நேரம் கேட்பவை அல்ல.

கடந்த ஆண்டு பயிற்றுப்பணிக்காக ஒரு பாலர் பள்ளியில் இருந்தேன். முதல் வாரத்தில் இருவகைப் பிரிவைப் பார்க்க முடிந்தது. பல பெற்றோர், பிள்ளை கட்டையிலோ களிமண்ணிலோ கவனமாக இருக்கும் நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். அழுகையைத் தவிர்க்க நினைக்கிறார்கள். திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்கு அம்மா இல்லை. மறுநாள் அந்தப் பிள்ளை எந்த விளையாட்டிலும் ஈடுபடாது. கண் எப்போதும் வாசலில்தான் இருக்கும், கை அம்மாவின் துப்பட்டாவை விடாது. ஏபிசி முழுவதும், நூறுவரை எண்ணும் சொல்லத் தெரிந்த பிள்ளைகூட இப்படித்தான். ஒரு பாட்டி மட்டும் நாள்தோறும் பேரனின் எதிரே குந்தி உட்கார்ந்து, பாட்டி போகிறேன், மணி அடித்ததும் இதே தூணருகில் நிற்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவனும் அழுவான். ஆனால், நான்காம் நாள் நிறுத்திவிட்டான். மணி அடித்தால் தூணருகில் பாட்டி இருப்பார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாமூச்சியில் மறைவது பாதி, தோன்றுவது மறுபாதி. முதல் கூட்டத்தார் பாதி ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். புத்தகப்பையும் காலணியும் வாங்குவதோடு இந்த ஆட்டத்தையும் சில மாதம் முன்பே வீட்டில் ஆடத் தொடங்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்ல ஃபுரோபெலின் அந்தப் பழைய நூலே எனக்குத் துணை நின்றது.

பெயருக்கு வருவோம். பிள்ளைகள் கூடி விளையாடும் இடத்திற்கு என்ன பெயர் வைப்பது என்று ஃபுரோபெல் நெடுநாள் தவித்தார். பள்ளி என்ற சொல் வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் என்ற சொல்லும் வேண்டாம். 1840-இல் ஒருநாள், மிடன்டோர்ஃப், பாரோப் என்னும் நண்பர்களோடு கைல்ஹாவிலிருந்து மலைவழியே பிளாங்கன்பர்க் நோக்கி நடந்தபோது, கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும் ஓரிடத்தில் சட்டென நின்றார். பெயர் கிடைத்துவிட்டது என்று மலையெல்லாம் கேட்கக் கத்தினார். அதே ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் பிளாங்கன்பர்க் நகர மன்றத்தில் கிண்டர்கார்ட்டன் முறையாகத் தொடங்கப்பட்டது. ஹென்றியெட்டா அதைப் பார்க்கவில்லை; 1839-இல் அவர் இறந்துவிட்டார். பங்கு ஒன்று பத்து தாலர் என்று ஜெர்மானியப் பெண்களிடம் பணம் திரட்டும் திட்டமும் வெற்றி பெறவில்லை.

தோட்டம் என்பது வெறும் உவமை அன்று. கிண்டர்கார்ட்டனில் உண்மையிலேயே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி; அவற்றைச் சூழ்ந்து எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியில் பிள்ளை விருப்பம்போல விதைக்கலாம், முளைத்ததா என்று தோண்டிப் பார்த்துக் கெடுக்கவும் செய்யலாம். பொதுப் பாத்தியில் அது முடியாது. வீட்டில் தனியாக இருந்த பிள்ளை கூட்டத்திற்குள் வரும் முதல் வாரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. அங்கே பணிபுரியும் பெண்ணுக்கும் ஆசிரியை என்று பெயரில்லை. தோட்டக்காரி என்றே பெயர். அக்கால ஜெர்மனியில் கற்பிப்பது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாக இருந்தது. சிறு பிள்ளைகளின் கல்விக்காகப் பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியபோது பலர் நகைத்தனர்.

1849-இல் அவர் லீபன்ஸ்டைன் என்னும் நீரூற்று நகரருகே குடிவந்தார். அங்கு ஓய்வுக்கு வந்திருந்த மாரன்ஹோல்ட்ஸ் சீமாட்டியிடம், ஊர்ப் பிள்ளைகளோடு ஆடிப்பாடித் திரியும் ஒரு கிழவரைப் பற்றி விடுதிக்காரப் பெண் சொன்னார். ஊரார் அவரைக் கிழட்டுப் பைத்தியம் என்று அழைத்தார்கள். சீமாட்டி போய்ப் பார்த்தார். நீண்ட நரைமுடியோடு ஒருவர், வெறுங்கால் பிள்ளைகள் கூட்டத்தைப் பாட்டுப் பாடிக் குன்றின்மேல் நடத்திச் சென்றுகொண்டிருந்தார். அன்று முதல் அந்தச் சீமாட்டி, அரண்மனைகளிலும் அமைச்சர் வீடுகளிலும் ஃபுரோபெலின் குரலாகவே மாறினார்.

இடி விழுந்தது 1851 ஆகஸ்டு 7-இல். பிரஷ்ய அரசு தன் ஆட்சிப்பகுதி முழுவதும் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அவை நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்பும் திட்டத்தின் ஒரு பகுதி என்பது குற்றச்சாட்டு. காரணம் என்ன? கார்ல் ஃபுரோபெல் என்பவர் பெண்களின் உயர்கல்வியையும் கிண்டர்கார்ட்டன்களையும் இணைத்து ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அமைச்சர் ராவ்மர் இருவரையும் ஒருவராக்கிவிட்டார். அந்தக் கார்ல் வேறு யாருமல்லர். தந்தையை இழந்து கைல்ஹாவில் சித்தப்பாவிடம் படித்து, மனக்கசப்போடு விலகிப் போன அண்ணன் மகன்தான். ஆள் மாறிவிட்டது என்று சொன்னால் தடை நீங்கிவிடும் என நம்பினார் ஃபுரோபெல். விளக்கம் அனுப்பினார், மன்னருக்கே விண்ணப்பம் எழுதினார். தவறு தெரிந்த பிறகும் ஆணை அப்படியே நின்றது. 1848 புரட்சியைக் கண்டு அஞ்சிப்போயிருந்த அரசுக்கு, விடுதலையாக விளையாடும் பிள்ளைகளும் சம்பளம் வாங்கும் பெண்களும் ஆள் மாறாமலேயே ஐயத்திற்குரியவர்கள்தாம் என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு அவர், தம்மிடம் பயிற்சி பெற்ற லூயிஸ் லெவினை மறுமணம் செய்திருந்தார். 1852 ஏப்ரலில் எழுபதாம் பிறந்தநாளைப் பிள்ளைகள் மாலைகளோடு கொண்டாடினர். சில வாரங்களில் கோத்தா நகரில் கூடிய ஆசிரியர் மாநாட்டிற்குள் அவர் நுழைந்தபோது அவையே எழுந்து நின்றது. ஜூன் 21-ஆம் நாள் மரியந்தாலில் அவர் உயிர் பிரிந்தது. ஷ்வைனா என்னும் ஊரில் உள்ள கல்லறையின்மேல் கனசதுரம், அதன்மேல் நீள்உருளை, அதன்மேல் உருண்டை என அவருடைய இரண்டாம் பரிசையே கல்லில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பிரஷ்யா தடையை நீக்கியது 1860-இல். அதற்குள் கிண்டர்கார்ட்டன் கடல் கடந்திருந்தது. 1856-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் என்ற சிற்றூரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரேத்தா ஷுர்ஸ், தம் மகளையும் உறவினர் பிள்ளைகளையும் சேர்த்து வீட்டிலேயே ஒன்றைத் தொடங்கினார். 1876-இல் தோக்கியோ வரை அது வந்துவிட்டது. லூயிஸ், கணவருக்குப் பின் பல ஆண்டுகள் ஹாம்பர்க் நகரில் இருந்துகொண்டு, கிண்டர்கார்ட்டன் பணிக்கு வரும் இளம்பெண்களுக்கு அந்தக் கம்பளிப் பந்துகளைக் கையாளக் கற்றுக்கொடுத்தார்.